சரியான இலக்கு, வேறு காரணம்: டாக்டர் ஸ்டீபன் ஹவுசருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய டாக்டர் ஹவுசர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), அதாவது உடலின் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறையைத் தாக்கும் நோய் பற்றிய ஆய்வுக்காக, 2025 ஏப்ரலில் உங்களுக்கும் ஆல்பெர்ட்டோ அஷெரியோவுக்கும் பிரேக்த்ரூ பரிசு அறிவித்தார்கள். அப்போது வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: யாரும் நம்பவில்லை, ஒருவர் விடாப்பிடியாக நின்றார், கடைசியில் ஜெயித்தார். கதை உண்மைதான். ஆனால் உங்கள் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. நோயாளிகளுக்குப் பலன் தந்த மருந்து, நீங்கள் எதிர்பார்த்த வழியில் வேலை செய்யவில்லை என்று தெரிந்த இடம். நான் மருத்துவன் அல்ல, நோயெதிர்ப்பியல் பாடம் நடத்துகிறவன். அதனால்தான் எனக்குக் கண் அங்கே போகிறது போலும்.

எம்.எஸ். என்றால் டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் வேலை என்றுதான் நாங்கள் வெகுகாலம் சொல்லிக் கொடுத்தோம். காரணம் எலி. நரம்பிழையின் மேலுறையான மையலினில் உள்ள புரதத்தை எலிக்கு ஊசியில் ஏற்றினால் அதன் டி செல்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்த் தாக்கும், எலிக்கு வால் துவளும், பின்னங்கால் செயலிழக்கும். அந்த டி செல்களை எடுத்து வேறொரு எலிக்குக் கொடுத்தால் அதற்கும் நோய் வரும். ஆய்வகத்துக்கு இதைவிட வசதியான மாதிரி கிடையாது. ஆனால் மனித நோயாளியின் மூளையில் இருக்கும் தழும்பு, நரம்பிழையின் மேலுறை உரிந்து கிடக்கும் அந்தத் தோற்றம், எலியில் அப்படியே வருவதில்லை. அது தெரிந்தும் எலியைத்தான் நம்பினோம். நோயாளிகளின் தண்டுவட நீரில் ஆன்டிபாடி வகைப் புரதம் கூடியிருப்பதை எல்வின் கபாட் என்ற ஆய்வாளர் 1940களிலேயே காட்டிவிட்டார். அதை நோயைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளமாக வைத்துக்கொண்டார்களே தவிர, அதுவே நோயை நடத்துகிறதோ என்று கேட்டவர்கள் குறைவு.

நீங்கள் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பார்த்த இளம் வழக்கறிஞரைப் பற்றிப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். பேசவும் விழுங்கவும் முடியாத நிலையில் இருந்தவர். அன்று கொடுக்கச் சரியான மருந்து எதுவும் இல்லை. 1983இல் உங்கள் குழு வெளியிட்ட, சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தைப் பற்றிய ஆய்வைப் படித்தால் அந்தக் காலத்தின் நெருக்கடி புரிகிறது. எந்தச் செல் குற்றவாளி என்று தெரியாதபோது எதிர்ப்பு மண்டலத்தை மொத்தமாக அடித்துப் போடுவது ஒன்றுதான் வழியாக இருந்தது.

அப்புறம் மார்மோசெட் குரங்குகள். இந்தப் பகுதியை மாணவர்களுக்கு நான் கொஞ்சம் ரசித்தே சொல்வேன். மார்மோசெட் இரட்டையர்கள் கருவிலேயே ரத்தத்தைப் பகிர்ந்துகொள்வதால், வெவ்வேறு முட்டையில் உருவானவை என்றாலும் ஒன்றின் ரத்தச் செல்லை மற்றதன் உடல் அந்நியமாக நினைப்பதில்லை. நோய் உண்டாக்கும் டி செல்லை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்க்க இது போதும். உங்கள் சக ஆய்வாளர் கிளாட் ஜெனைனும் நீங்களும் அப்படி மாற்றியபோது அழற்சி வந்தது, ஆனால் மனித நோய் போன்ற உறை உரிதல் வரவில்லை. மையலினுக்கு எதிரான ஆன்டிபாடியும் சேர்ந்தபோதுதான் அது வந்தது. 1999இல் வந்த உங்கள் கட்டுரை, மனிதத் தழும்பிலும் அத்தகைய ஆன்டிபாடி இருப்பதைக் காட்டியது. சரி, ஆன்டிபாடியைச் செய்வது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் வழிவந்த செல்கள். பி செல்லை ஒழித்தால் ஆன்டிபாடி குறையும், நோய் அடங்கும். உங்கள் தர்க்கத்தில் இடறல் இல்லை. பி செல்லை ஒழிக்கும் மருந்தும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ரிட்டுக்ஸிமாப், 1997இல் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை, உயிரியல்ரீதியாக நம்பத்தக்கதாக இல்லை என்று திருப்பி அனுப்பியதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த மதிப்பீட்டாளர்களைத் திட்டுவது எளிது. எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ரிட்டுக்ஸிமாப் பிடித்துக்கொள்ளும் சிடி20 என்ற புரதம் பி செல்லின் மேல் இருக்கிறது, ஆனால் ஆன்டிபாடியை உண்மையில் சுரக்கும் பிளாஸ்மா செல்லின் மேல் இல்லை. ஆலையைத் தொடாமல் உற்பத்தி நிற்குமா என்று அவர்கள் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்விதான்.

ஜெனன்டெக் நிறுவனம் ஒருவழியாகச் சம்மதித்து, 104 பேரிடம் சோதனை நடந்தது. மூளையில் புதிதாக எரியும் தழும்புகள், மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டால் 91 சதவீதம் குறைவு. 2008இல் வெளியான அந்த முடிவை முதலில் நம்ப முடியாதவர்கள் இருந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் என்னைப் பிடித்தது அந்த 91 அல்ல, வேகம். சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. அதற்குள் ஆன்டிபாடி அளவு குறைந்திருக்க வழியே இல்லை. பிளாஸ்மா செல்கள் பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தன.

அப்படியானால் பி செல் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. டி செல்லுக்கு இலக்கை எடுத்துக் காட்டித் தூண்டிவிடுவது, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரப்பது என்றெல்லாம் பின்னால் தெளிவானது. டி செல்லை நம்பியவர்கள் முழுக்கத் தோற்கவில்லை, ஆன்டிபாடியை நம்பிய நீங்கள் முழுக்க ஜெயிக்கவும் இல்லை. இதை மறைக்காமல் நீங்களே மேடையில் சொல்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நடந்ததில் ஒரு பகுதி எனக்கு உவப்பாக இல்லை. எம்.எஸ்.ஸுக்கு அனுமதி வாங்கித் தந்த மூன்றாம் கட்டச் சோதனைகளுக்குப் போனது ரிட்டுக்ஸிமாப் அல்ல, அதே இலக்கைப் பிடிக்கும் புதிய மருந்தான ஓக்ரலிசுமாப். சோதனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே இருந்த மருந்தான இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டபோது வருடாந்தர ரிலாப்ஸ், அதாவது நோய் திடீரென மீண்டும் தாக்குவது, ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல முற்றும் வகையில் ஊனம் கூடும் வாய்ப்பு 24 சதவீதம் குறைந்தது. அந்த வகைக்கு அதற்குமுன் அனுமதி பெற்ற மருந்தே கிடையாது. ஆனால் 2017 மார்ச்சில் அமெரிக்க அனுமதி வந்தபோது ஆண்டுக்கான பட்டியல் விலை 65,000 டாலர். பழைய மருந்தை எம்.எஸ்.ஸுக்குப் பரவலாகக் கொடுத்துப் பார்த்தது ஸ்வீடன் மருத்துவர்கள்தான். 2022இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்கு ரிலாப்ஸ் வந்தது, டைமெத்தில் ஃபூமரேட் என்ற வேறொரு எம்.எஸ். மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. மறு ஆண்டு உலக சுகாதார அமைப்பு எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துகளில் ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்தது. உங்கள் கண்டுபிடிப்பு ஏழை நாடுகளுக்குப் போகப்போவது அந்தப் பழைய மருந்தின் வழியாகத்தான். இதைப் பற்றியும் நீங்கள் உரக்கப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

அஷெரியோவோடு பரிசைப் பகிர்ந்ததும் பொருத்தம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்று அவர் குழு 2022இல் காட்டியது. அந்த வைரஸ் உடலில் காலம் முழுக்கப் பதுங்கியிருக்கும் இடம் எது? பி செல்தான்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ரிலாப்ஸ் இல்லை, ஸ்கேனில் புதுத் தழும்பும் இல்லை, ஆனாலும் நடை மெல்லத் தளர்கிறது. இப்படி ஓசைப்படாமல் முற்றுவதை 2019இல் எழுதியதும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள உங்கள் குழுவே. ஆன்டிபாடி மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் மிகச் சொற்பமாகத்தான் நுழைகின்றன. மூளையுறையில் கூடுகட்டிய பி செல்களை அவை தொடுவதே இல்லையோ? அல்லது அந்தக் கட்டத்தில் பி செல் தன் வேலையை முடித்து ஒதுங்கிவிட, மைக்ரோக்ளியா போன்ற மூளையின் சொந்தச் செல்கள் நோயைக் கையில் எடுத்துக்கொள்கின்றனவா? முதலாவது சரி என்றால் உள்ளே நுழையும் மருந்து போதும். இரண்டாவது என்றால் இலக்கையே மாற்றியாக வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள், எந்தச் சோதனை முடிவு வந்தால் அந்தக் கருத்தை விட்டுவிடுவீர்கள் என்று தெரிந்தால், அடுத்த வகுப்பில் அப்படியே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்