ஃபெர்டினாண்டின் பெயரால் அமெரிக்க ஜாக்கி கிளப்புக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஜாக்கி கிளப் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பந்தயக் குதிரை ஃபெர்டினாண்ட் 1983-இல் பிறந்தான், தந்தை நிஜின்ஸ்கி, தாய் பான்யா லூக்கா என்பதெல்லாம் நீங்கள் காத்துவரும் வம்சாவளிப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவன் என்றைக்குச் செத்தான் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

1986 மே 3, அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பி. 16 குதிரைகள். ஃபெர்டினாண்டுக்குக் கிடைத்தது உள்வேலியை ஒட்டிய முதல் கதவு. கதவு திறந்ததுமே மற்றவை நெருக்கியதில் வேலியோரம் தள்ளப்பட்டு, முதல் வளைவில் கடைசிக் குதிரையாக ஓடிக்கொண்டிருந்தான். அவன் முதுகில் இருந்த பில் ஷூமேக்கருக்கு அப்போது வயது 54. அவர் பதறவில்லை. ஒவ்வொரு குதிரையாகக் கடந்து வந்து, கடைசி நேர்வழியில் முன்னால் ஓடியவற்றுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்ததும் அதற்குள் அவனைச் செலுத்தி வேலிப் பக்கம் கொண்டுபோனார். அந்த நெரிசலுக்குள் தயங்காமல் நுழைய எத்தனை குதிரைகளுக்குத் துணிவு வரும்? இரண்டேகால் குதிரை நீள வித்தியாசத்தில் வெற்றி. 73 வயதில் பயிற்சியாளர் சார்லி விட்டிங்ஹாமுக்கு அதுதான் முதல் டெர்பி வெற்றி.

மறு ஆண்டு ஹாலிவுட் பார்க்கில் பிரீடர்ஸ் கப் கிளாசிக். 1987 டெர்பியை வென்ற அலிஷீபாவும் களத்தில் இருந்தான். அலிஷீபா கடைசி அடி வரை விரட்டி வந்தும், மூக்கு வித்தியாசத்தில் ஃபெர்டினாண்டே ஜெயித்தான். அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டமும் அவனுக்கே. ஓய்வு பெறும்போது அவன் சம்பாதித்துக் கொடுத்திருந்த பரிசுத் தொகை 37 லட்சம் டாலருக்கும் மேல்.

பொலிகுதிரையாக அவன் சோபிக்கவில்லை. குட்டிகள் பெரிதாக ஓடவில்லை. கிளெய்போர்ன் பண்ணையில் சில ஆண்டுகள் நின்றவனை 1994-இல் ஜப்பானுக்கு விற்றார்கள். ஹொக்கைடோவிலும் நாளடைவில் அவனைத் தேடி வரும் பெட்டைகள் குறைந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேய்ச்சலை விட்டுவிட்டு நடந்து வரும் சாதுவான குதிரை என்று அங்கே அவனைப் பார்த்துக்கொண்டவர் பின்னாளில் சொன்னார். அப்படிப்பட்டவன் ஒரு குதிரை வியாபாரியின் கைக்குப் போனான். 2002-இல் இறைச்சிக்கூடத்தில் அவன் கதை முடிந்தது என்பது அடுத்த ஆண்டு பத்திரிகையில் வந்த பிறகுதான் அமெரிக்காவுக்கே தெரிந்தது. பழைய உரிமையாளர் குடும்பத்தையோ கிளெய்போர்னையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனம் ஆறாத இடம் இதுதான். கேட்டிருந்தால் அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ள யாராவது முன்வந்திருப்பார்கள்.

இப்படிப் போன முதல் குதிரையும் அவனல்ல. உங்கள் பெயரையே தாங்கிய ஜாக்கி கிளப் கோல்ட் கப்பை 1978-இல் வென்ற எக்ஸெல்லர், சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்டு என்ற இரண்டு டிரிபிள் கிரௌன் வீரர்களையும் (ஒரே ஆண்டில் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றவர்கள்) ஒரே பந்தயத்தில் தோற்கடித்தவன். 1997-இல் அவன் உயிர் போனது ஸ்வீடனில் ஓர் இறைச்சிக்கூடத்தில்.

அதற்குப் பிறகு நல்ல மாற்றங்கள் வந்தன, மறுக்கவில்லை. கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் ஓல்டு ஃபிரெண்ட்ஸ் பண்ணை ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு வீடானது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளின் பராமரிப்புக்காக 2012-இல் தரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ் என்ற அமைப்பு உருவானது. 2017 முதல் பிறக்கும் குட்டிகளுக்கு மைக்ரோசிப்பை நீங்களே கட்டாயமாக்கினீர்கள். ஆனால் சிப் குதிரையை அடையாளம்தான் காட்டும். அதை விற்கப் போகிறார்கள் என்று யாருக்கும் சொல்லாது.

என் கோரிக்கை இதுதான். வெளிநாடு போகும் குதிரைக்கு ஏற்றுமதிச் சான்று தருவது நீங்கள். அந்தச் சான்றைத் தருவதற்கு முன், விற்பனை ஒப்பந்தத்தில் திரும்பப் பெறும் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இனப்பெருக்கப் பணி முடிந்ததும், வேறு யாருக்கும் கைமாற்றும் முன், குதிரையை வளர்த்தவருக்கும் பந்தயத்தில் ஓடவிட்டவருக்கும் தகவல் போக வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்குப் போதிய அவகாசமும் வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கும் இதே விதி வேண்டும். ஏனென்றால் அமெரிக்காவில் 2007-இல் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடம் மூடப்பட்ட பிறகும் லாரிகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லை தாண்டின.

வெளிநாட்டில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லிவிடாதீர்கள். 1997 டெர்பியை வென்ற சில்வர் சார்மை ஜப்பானுக்கு விற்றபோது இப்படி ஒரு நிபந்தனை இருந்தது. 2014-இல் அவன் கென்டக்கிக்குத் திரும்பி வந்தான். அவனுக்குக் கிடைத்தது உரிமையாளரின் நல்ல மனதால். டெர்பியையே பார்க்காத, நான்கு பந்தயம் ஓடிக் காலொடிந்த ஒரு சாதாரணக் குதிரைக்கும் அது விதியாகவே கிடைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுப் பதிவு விதிகளை எழுதும்போது இதைச் சேருங்கள். சேர்க்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
குதிரைப் பந்தயத்தை நேசிக்கும் ஒரு ரசிகர்