அந்தச் 'சிறு விலை' எங்கள் கிணற்றில் கிடக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. சாயக்கழிவு போன்ற புறவிளைவுகள் வளர்ச்சிக்காக இந்தப் பகுதி கொடுத்த சிறு விலை என்று அதில் ஒரு வரி. நான்கு நாளாக அந்த வரிதான் மனதில் ஓடுகிறது.

நான் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே குடியிருப்பவன். 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்தினேன். புறவிளைவு என்ற சொல்லை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் பேசி முடித்த பேரத்தின் செலவு, அதில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் தலையில் விழுவதுதான் புறவிளைவு. விலை என்பது அப்படியல்ல, அதைக் கொடுப்பவன் ஒத்துக்கொண்டு கொடுக்கிறான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு விலை என்று பெயர் வைப்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தச் செலவை உண்டாக்கியவர் கணக்கிலேயே ஏற்ற வேண்டும் என்று பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920-லேயே எழுதிவிட்டார். தங்களுக்குத் தெரியாததல்ல.

சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். துணி சாயத்தை வாங்கிக்கொள்ளும், உப்பை வாங்காது. அது அப்படியே கழிவுநீரோடு வெளியே வந்து நொய்யல் ஆற்றில் கலந்தது. நிறம் கொஞ்ச நாளில் மங்கிவிடும், உப்பு எங்கேயும் போகாது. நொய்யல் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்துக்குக் கொடுக்கத்தான் 1992-ல் இந்த அணையைக் கட்டினார்கள், மக்கள் வரிப்பணத்தில். சில வருடங்களிலேயே இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும்படி ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் பொதுவாகக் கட்டிய அணை சிலருடைய கழிவுக்குத் தொட்டியானது.

எங்கள் கிணறு 60 அடி. அப்பா காலத்தில் அந்தத் தண்ணீரில் மஞ்சள் விளைந்தது. 1998 வாக்கில் தென்னையில் ஓலை நுனி கருகி, குரும்பை கொட்ட ஆரம்பித்தது. உரம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். அப்புறம் ஒரு நாள் மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் விட்டேன். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நல்ல வெயில், தாகத்தோடு நின்ற மாடு. தொட்டி காய்ந்த பிறகு பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன், கரித்தது. அந்த மாட்டை அந்த வருடமே விற்றுவிட்டோம். கட்டுரையாளர் 'புறம்' என்று எழுதுவது எங்கள் வீட்டில் சோறு பொங்குகிற பாத்திரத்தின் அடியில் இன்றைக்கும் படிகிறது.

பனியன் கம்பெனிகள் மூடிப்போக வேண்டும் என்று நான் எழுதவில்லை. என் தங்கை குடும்பமே அந்தச் சம்பளத்தில்தான் தலையெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது தங்கை மகன் வேலையில்லாமல் எங்கள் வீட்டில் வந்து இருந்தான். அந்த மாதங்களில் தங்கள் நாளிதழில் ஏற்றுமதி நஷ்டம் தினமும் வந்தது, வேலை இழந்தவர்களின் படம் வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எதற்காக வந்தது என்று பார்க்க அணைக்குக் கீழே ஒரு நிருபரும் வரவில்லை. அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. இடம் இருந்திருக்காது என்று இத்தனை வருடமாக மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சுத்திகரிக்காமல் விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்ட வேண்டும் என்று 2006 கடைசியில் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1996-ல், வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முழுப் பக்கக் கட்டுரையில் இந்த இரண்டுக்கும் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. இன்றைக்குப் பட்டறைகள் தண்ணீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகின்றன என்று கட்டுரை பாராட்டுகிறது. சரி, நானும் பாராட்டுகிறேன். ஆனால் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகுதான் அது முழு வேகம் பிடித்தது. எங்கள் கிணற்றைச் சரிசெய்ய யாரும் கடன்கூடத் தரவில்லை. நஷ்டஈட்டுக்காகப் பட்டா நகலைத் தூக்கிக்கொண்டு ஏழு முறை அலைந்தேன். பட்டாவில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததாம். கடைசியில் கைக்கு வந்த பணத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறுகூடப் போட முடியவில்லை.

கட்டுரையாளர் மறுப்பு எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. தாங்கள் தினமும் மேட்டூர், பவானிசாகர் நீர்மட்டம் போடுகிறீர்கள், மழை அளவு போடுகிறீர்கள். அதே இடத்தில் மாதம் ஒரு முறை, நொய்யல் கரையில் ஐந்தாறு ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் அளவையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். அளக்கிற கருவி பேனா அளவுதான் இருக்கும், என்னிடமே ஒன்று இருக்கிறது. தங்கள் நிருபர் வந்தால் நானே கூட வந்து கிணறு கிணறாகக் காட்டுகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, அப்புறம் வெயில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் 26 வருட வாசகன்,
ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்,
ஒரத்துப்பாளையம் அருகில்.