வறட்சித் தீவனக் கணக்கில் கொறங்காட்டையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்துவிட்டால் டெல்டாப் பகுதியிலிருந்து வைக்கோல் ஏற்றிவரும் லாரிகள் எங்கள் சாலைகளில் தென்படத் தொடங்குகின்றன. பங்குனியில் வைக்கோல் விலை ஏறுகிறது. சித்திரையில் தீவனத் தட்டுப்பாடு செய்தியாகிறது. அதற்குத் தீர்வாக ஆண்டுதோறும் பேசப்படுபவை இறவையில் வளர்க்கும் பசுந்தீவனமும், மானியத்தில் கிடைக்கும் புல் நறுக்கும் கருவியும், உலர்தீவனக் கிடங்குகளுமே. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிணற்று நீரில்லாமல், மழையை மட்டுமே நம்பிய பல்லாண்டுப் புல்லைக் கொண்டு மாடுகளைக் கோடை கடத்தும் மேய்ச்சல் முறையொன்று காங்கயம் நாட்டில் தலைமுறைகளாக இருந்துவருகிறது என்பதும், அது கண்ணெதிரே சுருங்கிவருகிறது என்பதும் இந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. கொறங்காடு என்று நாங்கள் அழைக்கும் அந்த மேய்ச்சல் நிலத்தைப் பற்றியே இக்கடிதம்.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து போய்விடும். தைமாதம் முதல் சித்திரைக் கோடை மழை வரை ஒரு வறட்சி. பிறகு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போவதால் இன்னொரு வறட்சி. இந்த இரண்டையும் தாங்கும்படி அமைக்கப்பட்டதுதான் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல்லும் மழைக்காலத்தில் அதனூடே படரும் நரிப்பயறும், மேலே ஆங்காங்கே வெள்வேல மரங்கள், சுற்றிலும் போத்து (கிளைத்துண்டு) நட்டு வளர்த்த முள் கிளுவை வேலி, வேலிக்கு வெளியே இட்டேரி எனப்படும் வண்டித்தடம். இது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமன்று, பட்டா நிலம். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தை நான்கு, ஐந்து பாகங்களாக வேலியிட்டுப் பிரித்து, ஒன்றில் மேய விட்டு மற்றவற்றை ஆற விடும். எங்கள் 16 ஏக்கரும் மேக்காடு, பள்ளக்காடு, கிணத்துக்காடு, கோயில்காடு என்று நான்காகப் பிரிந்திருக்கின்றன. காங்கயம் இனத்தின் வலிய கால்களும் எலும்பும் இப்படிப்பட்ட காடுகளில் நடந்து மேய்ந்து உருவானவை என்பதை, அவ்வினத்தைப் பேணி வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர்களின் மந்தைகளைப் பார்த்த முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கொறங்காட்டை அறியாதவர்கள் கோடையில் இங்கே வந்தால் பழுப்பேறிய புல்லைப் பார்த்துவிட்டு, நிலம் வீணாகக் கிடக்கிறது என்று நினைப்பது இயல்பு. அந்தப் பழுப்பு நிறப் புல்தான் எங்கள் சேமிப்பு. கார்த்திகை மழையில் தழைத்துக் கதிர் தள்ளி, மார்கழியில் விதை உதிர்த்துவிட்டு நின்ற நிலையிலேயே காயும் கொழுக்கட்டைப் புல், அறுக்காமலும் போர் வைக்காமலும் காட்டிலேயே காத்திருக்கும் உலர்தீவனம். அதன் அடித்தூர் சற்றே பருத்து, அடுத்த தளிர்ப்புக்கு வேண்டிய மாவுச்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. வேர் ஆழமாக இறங்குகிறது. சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாட்களுக்குள் அந்தத் தூரிலிருந்து பச்சை எழும்புவதைக் கண்ணால் காணலாம். அந்தத் தூரைக் காப்பாற்றுவதே கோடை மேய்ச்சலின் முதல் வேலை.

ஆயினும் காய்ந்த புல் மட்டும் மாட்டைக் கோடை கடத்திவிடாது. முழங்கால் உயரப் புல்லில் நின்றுகொண்டே மாடு இளைப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணத்தை நான் பிற்பாடுதான் விளங்கிக்கொண்டேன். மாட்டின் பெருவயிற்றில் நாரைச் சிதைத்துச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவை பெருக நைட்ரஜன் வேண்டும். தீவனத்தின் உலர் எடையில் கச்சாப் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த நுண்ணுயிர்கள் தளர்கின்றன, செரிமானம் மந்தப்படுகிறது, வயிறு காலியாகாததால் மாடு புல்லிருந்தும் உண்ண மறுக்கிறது. இளம் பச்சையில் 10 விழுக்காட்டை ஒட்டிய புரதம் கொண்ட கொழுக்கட்டைப் புல், முற்றிக் காய்ந்த பிறகு 3, 4 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. வெப்ப மண்டலப் புல்வகைகள் பெரும்பாலானவற்றுக்கும் உள்ள குறை இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலப் பெரும் பண்ணைகளில் வறண்ட மாதங்களில் யூரியாவும் வெல்லப்பாகும் கலந்த கட்டிகளை மாடுகள் நக்கும்படி வைப்பதும் இதை ஈடுகட்டவே.

எங்கள் முன்னோர் இதே குறையை வெள்வேல மரத்தைக் கொண்டு நிரப்பினார்கள். புல் மிகவும் சத்திழந்து நிற்கும் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை வெள்வேலங்காய் உதிர்கிறது. புரதம் மிகுந்த அந்தக் காயைத் தேடி மாடும் செம்மறியும் மரத்துக்கு மரம் நடப்பதை அந்த மாதங்களில் காணலாம்; உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்ற மாடு, அதன்பிறகு காய்ந்த புல்லையும் விருப்பத்தோடு மேய்கிறது. விழுங்கிய விதை சாணத்தோடு வெளிவந்து காடெங்கும் முளைப்பதால் புதிதாக மரம் நட வேண்டியதும் இல்லை. மாலையில் கட்டுத்தரைக்கு வந்த பிறகு இரண்டு கைப்பிடிச் சோளத்தட்டும் சிறிது தாது உப்பும் வைத்தால், கறவை குறைந்தாலும் மாடு எலும்பு தெரியாமல் ஆடியைத் தாண்டிவிடும். வைக்கோலை நம்பியிருப்போர் 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்துக் கொடுக்கும் முறையையும் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் கையாளலாம். அளவு மீறினால் யூரியா நஞ்சாகும் என்பதால் இதைக் கேள்வி ஞானத்தில் செய்யக் கூடாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒருமுறை பெருந்தவறு செய்தேன். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது; 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் ஆறு மாடுகளும் பதினைந்து செம்மறிகளும் பட்டினி கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நான்கு காடுகளின் படல்களையும் (வேலிக் கதவுகளையும்) ஒரே நேரத்தில் திறந்து விட்டேன். மாசி முடிவதற்குள் புல் தரையோடு தரையாகிவிட்டது. செம்மறிகள் தூரையே கரம்பித் தின்றன. இட்டேரிக்கு அப்பால் இருக்கும் உறவினர், தையிலேயே இரண்டு மாடுகளைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, இருக்கும் மாடுகளை இரண்டு காடுகளில் மட்டும் மேய விட்டு, மற்ற இரண்டின் படலையும் கட்டிவைத்தார். அவரை அப்போது நான் கடிந்துகொண்டதும் உண்டு. அடுத்த மழைக்கு அவருடைய காடு தழைத்தது. என்னுடைய பள்ளக்காட்டில் பார்த்தீனியம் முளைத்தது. அந்த நிலத்தைக் களைவெட்டி, உழுது கொள்ளு விதைத்து, கைவிதைப்பாகப் புல் விதை தூவி மீட்டெடுக்க மூன்று மழைக்காலம் ஆயிற்று. நான்கு விரற்கடை உயரத்துக்குத் தூரை விட்டு மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும் என்று என் தந்தையார் சொல்லிவந்ததை நான் பழக்கமாகக் கொண்டிருந்தேனேயொழிய, அதன் காரணத்தை உணர்ந்திருக்கவில்லை. மேய்ச்சல் நிலம் பஞ்சத்தில் அழிவது மழையில்லாததால் மட்டுமன்று, மாட்டின் எண்ணிக்கையைக் காலத்தில் குறைக்காததாலும்தான். அரசு தரும் வறட்சி உதவி, தையிலேயே மாட்டைக் குறைக்க நேர்ந்தவரின் இழப்பையும் ஈடுசெய்யும்படி அமைந்தால், என்னைப் போலப் படலைத் திறந்துவிடுவோர் குறைவார்கள்.

விதையிலும் ஒரு சிக்கல் உண்டு. மீட்டெடுக்க வேண்டிய நிலம் நிறைய இருந்தும் கொழுக்கட்டைப் புல் விதை எளிதில் கிடைப்பதில்லை. எங்கள் பகுதியில் நான் கண்டவரையில், மானியமாகத் தரப்படுபவை இறவைக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கரணைகள், மானாவாரிக்குத் தீவனச் சோளமும் தட்டைப்பயறும். பல்லாண்டுக்கு ஒருமுறை விதைத்தால் போதுமான உள்ளூர்ப் புல்லுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. அந்த விதைக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு: புதிதாக உதிர்த்த விதை உடனே முளைக்காது, பல மாதம் இருப்பில் கிடந்து உறக்கம் தெளிந்த பிறகே முளைப்புத் திறன் கூடும். பஞ்சுபோல் சுணையுள்ளதாதலால் மணலோ மண்ணோ கலந்து தூவ வேண்டும். ஆழமாகப் புதைந்தால் எழும்பாது. இவற்றை அறியாமல் வாங்கி விதைத்து, விதை மோசம் என்று கைவிட்டவர்கள் பலர். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைச் சேர்த்தால் புரதக் குறையும் ஓரளவு தீரும். வெள்வேலம் குறைந்துபோன காடுகளுக்கு இது நல்ல துணை.

விதையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை வற்புறுத்த வேண்டும். கொழுக்கட்டைப் புல் ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரையில் இயல்பாக வளர்வது. ஆஸ்திரேலியாவுக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணங்களுக்குள் அடைத்த புல்லோடு போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பிறகு மேய்ச்சலுக்காக வேண்டுமென்றே பரப்பப்பட்டது. குயின்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணைகளுக்கு இன்று அது முதுகெலும்பு. அதே நாட்டின் நடுப்பாலையிலோ, அங்குள்ள இயல்பான செடிகளை நெருக்கித் தீயைப் பரப்பும் களை. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2015-இல் அதைக் களையாகவே அறிவித்தது. ஒரு புல் எந்த மண்ணுக்கு உரியதோ அந்த மண்ணில், மேய்ப்பவரின் கண்காணிப்பில் இருக்கும்போதுதான் நன்மை செய்கிறது. எனவே எங்கள் காடுகளுக்கு வேண்டியது அயல்நாட்டு இரகமன்று. இதே காடுகளில் மார்கழியில் உதிரும் விதையேதான்.

கொறங்காடு சுருங்குவதற்குக் காரணங்கள் பல. வாய்க்கால் பாசனம் வந்த இடங்களில் தென்னை வந்தது. காற்றாலைகளும் வீட்டுமனைகளும் வந்தன. டிராக்டர் வந்தபின் எருதுக்குத் தேவை குறைந்தது. பால் விலையை நம்பிக் கலப்பினப் பசுக்களைக் கட்டியவர்களுக்குக் காட்டில் விட்டு மேய்ப்பது பயன் தரவில்லை. இவற்றில் எதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் நெருக்கடி உண்டு. ஆனால் நெருக்கடியிலும் புல்லை உழாமல் வைத்திருப்பவருக்கு அரசின் ஏட்டில் பெயரில்லாதிருப்பதை மாற்ற முடியும். எங்கள் நிலத்தின் அடங்கலில் (வருவாய்த் துறையின் பயிர்க் கணக்கேட்டில்) ஆண்டுதோறும் ‘தரிசு’ என்றே எழுதப்படுகிறது. பயிரில்லை என்பதால் பயிர் இழப்பீடு இல்லை. பொது மேய்ச்சல் நிலமன்று என்பதால் மேய்ச்சல் நில மேம்பாட்டிலும் சேர்வதில்லை. ஆறு மாடுகளையும் ஒரு குடும்பத்தையும் காக்கும் நிலத்தைத் தரிசு என்று எழுதும்போது, அதை மனையாக்கவோ சூரிய மின்தகடு பதிக்கவோ வருபவர்க்கு அது வெறும் இடமாகவே தெரிகிறது.

ஆகவே வருவாய்த் துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் கலந்து, பல்லாண்டுப் புல் நிலைத்திருக்கும் பட்டா மேய்ச்சல் நிலத்தை அடங்கலில் அந்தப் பெயராலேயே பதிவு செய்யவும், வறட்சிக் காலத்தில் அதற்கும் நிவாரணம் அளிக்கவும், விறகுக்காக வெள்வேல மரங்களை வெட்டுவதைத் தடுக்க அவற்றைப் பேணுவோருக்கு ஊக்கத்தொகை வழங்கவும் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். விதையைப் பொறுத்தவரை காலம் முக்கியம். வரும் மார்கழியிலும் தையிலும் எங்களைப் போன்றவர்களிடமிருந்தே புல் விதையை விலைக்கு வாங்கித் துறையின் கிடங்குகளில் இருப்பு வைத்தால், உறக்கம் தெளிந்து அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பு அது விதைக்கத் தயாராகிவிடும். அதற்கான உத்தரவு கார்த்திகைக்குள் வந்தாக வேண்டும். அதற்குப் பிந்தினால் விதை காட்டிலேயே உதிர்ந்துவிடும், இன்னோர் ஆண்டு கழிந்துவிடும்.

இப்படிக்கு,
கொறங்காட்டு உழவர் ஒருவர்,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.