ரேஸ்கோர்ஸில் இருந்து போன விமானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 9ஆம் திகதி வந்தால் ஹேர்மிஸ் கப்பலைப் பற்றி எங்காவது ஒரு கட்டுரை வந்துவிடும். 1942இல் மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், 300க்கு மேற்பட்டோர் பலி, இன்று சுழியோடிகள் இறங்கிப் பார்க்கும் இடம். இந்த வருடம் உங்கள் பத்திரிகையில் கூடவே சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து எரிந்த கதையும் இருந்தது. விமானத்தில் இருந்தவர்கள் வேண்டுமென்றே மோதினார்கள் என்று திருகோணமலையில் இன்றும் சொல்கிறார்கள். சரி, அவர்கள் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அதே நாள் காலையில் கொழும்பிலிருந்து அந்த ஜப்பானியக் கடற்படையைத் தேடிப் போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் மனக்குறை.

என் அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. கல்லடிக் கடற்கரையில் வலை காயப்போட்ட இடத்தில் நின்றிருக்கிறார். வானம் வெளித்திருக்கிறது, ஆனால் கிழக்கே இடி இடிக்கிறது. 'மழைக்குணமே இல்லை, இடி மட்டும் விடாமல் இடிச்சது' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது ஹேர்மிஸுக்கு விழுந்த அடி. ஏறக்குறைய அதே நேரத்தில்தான், இன்னும் ஆழக்கடலில், ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அகாகி என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு மேலே போய்ச் சேர்ந்திருந்தன.

அவை பிரித்தானிய விமானப்படையின் 11ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அவசரமாகப் போட்ட ஓடுபாதையிலிருந்து பறந்தவை. நான்கு நாளுக்கு முன், கொழும்பில் குண்டு விழுந்த ஈஸ்டர் ஞாயிறன்றும், இந்த ஸ்குவாட்ரன் ஜப்பானியரைத் தேடிப் போய் ஒன்றும் அகப்படாமல் திரும்பியது. 9ஆம் திகதி அகப்பட்டது. அதற்கும் ஒரு விலை இருந்தது: தெற்கே கொக்கலையிலிருந்து போன கட்டலினா வேவு விமானம் ஒன்று கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த எவரும் தப்பவில்லை.

ஒரு பிளென்ஹைமில் மூன்று பேர். ஓட்டுபவர், கண்ணாடி மூக்குக்குள் இருந்து வழி பார்த்துக் குண்டும் போடுபவர், முதுகுப்பக்கத்துத் துப்பாக்கிக் கூண்டில் வானொலிக்காரர். உச்ச வேகம் மணிக்கு 430 கிலோமீற்றர் அளவில். ஜப்பானியரின் சீரோ சண்டை விமானம் அதைவிட 100 கிலோமீற்றர் வேகமானது. துணைக்கு ஒரு சண்டை விமானமும் கிடையாது. எதிரே ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இதை வகுப்பில் ஒரு முறை கணக்காகவே கொடுத்தேன். 11,000 அடியிலிருந்து விட்ட குண்டு கடலைத் தொட எவ்வளவு நேரம்? ஏறக்குறைய அரை நிமிடம். அதற்குள் 20 நொட் வேகத்தில் போகும் கப்பல் தன் நீளத்தைவிடக் கூடுதலான தூரம் நகர்ந்துவிடும். ஆக, கப்பலைக் குறி பார்த்தால் பிழைக்கும். கப்பல் இல்லாத இடத்தைக் குறி பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு விமானம் ஆடாமல் அசையாமல் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் போயாக வேண்டும். சீரோ வந்தாலும் திருப்பக்கூடாது. முன்னால் இருப்பவர் 'கொஞ்சம் இடது... அப்படியே, அப்படியே' என்று சொல்லிக்கொண்டிருக்க, ஓட்டுபவர் சுக்கானை அசையாமல் பிடித்திருக்கிறார். எனக்குத் துணிச்சல் என்பது அந்த 'அப்படியே'யில்தான் தெரிகிறது. கோபத்தில் மோதுவது கணநேரக் காரியம். இது அப்படி இல்லை.

குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் அகாகியில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அதுவரை அந்தப் படையை யாரும் கூட்டாகப் போய்த் தாக்கியதே இல்லை. ஆனால் ஒரு குண்டும் படவில்லை. எல்லாம் பக்கத்துக் கடலில். அப்புறம் சீரோக்கள் மேலேறி வந்து நான்கு பிளென்ஹைம்களை விழுத்தின. மிஞ்சிய ஐந்தும் திரும்பும் வழியில், ஹேர்மிஸை மூழ்கடித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானங்களுக்கு எதிரே மாட்டிக்கொண்டன. அங்கே இன்னொன்று போனது.

மேலிருந்து வரும் விமானத்தைத் தங்கள் ஆட்கள் காணவே இல்லை என்பதை ஜப்பானியர் அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இரண்டு மாதம் ஆகுமுன் மிட்வேயில் அதே அகாகி, அதே மாதிரி மேலிருந்து வந்த அமெரிக்க விமானங்களால் முடிந்துபோனது.

மட்டக்களப்பான் ஒருவன் பொம்மர்க்காரரை, அதாவது குண்டு போடும் விமானக்காரரை, புகழ்ந்து எழுதுகிறானே என்று வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். நியாயம்தான். உள்நாட்டுப் போர்க் காலத்தில் படுவான்கரையில் படிப்பித்தபோது, வானத்தில் சத்தம் கேட்டதும் கரும்பலகையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கியவன் நான். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு என் சாரத்தையும் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், இரண்டுக்கும் கை போதாது. பொம்மர் என்ற சொல்லே எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். அதனால்தான் வித்தியாசம் தெரிகிறது. இந்த ஒன்பதும் தேடிப் போனது திருப்பிச் சுடக்கூடிய போர்க்கப்பல்களை.

அந்தக் கணக்கைக் கொடுத்த நாளில், பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: 'சேர், அதில இருந்த ஆக்கள் திரும்பி வந்தாங்களா?' நான்கு விமானம் வந்தது, பன்னிரண்டு பேர் என்றேன். அப்படியானால் வராதது பதினைந்து பேர் என்று அவளே கழித்துச் சொன்னாள்.

கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. இந்தப் பக்கத்துக் கடல்களில் அப்படிக் காணாமல்போன விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் ஒரு சுவரில் பொறித்திருக்கிறார்கள். போன மாதம் மகளுடன் கொழும்பு ரேஸ்கோர்ஸுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே கடைகள், ரக்பி மைதானம். அவள் துணி பார்த்து முடிக்கும்வரை சுற்றி வந்தேன். பிளென்ஹைம் என்ற சொல் என் கண்ணில் எங்கும் படவில்லை. மூன்று மொழியிலும் ஒரு சின்னப் பலகை வைத்தால் போதும். 'இங்கிருந்து போனார்கள்' என்றும், திகதியும், எத்தனை பேர் திரும்பவில்லை என்றும். உங்கள் கொழும்பு நிருபர் யாராவது உரியவர்களிடம் கேட்டுப் பார்க்க முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.