துரோணாச்சாரியா சுடுதளத்துக்கு, தூத்தூர் கரையிலிருந்து

தென்பிராந்தியக் கடற்படைத் தலைமையகத்துக்கும், ஐஎன்எஸ் துரோணாச்சாரியா அதிகாரிகளுக்கும் வணக்கம்.

குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்களில் பலர் கொச்சி தோப்பும்படி துறைமுகத்தை வைத்துத்தான் ஆழ்கடலுக்குப் போகிறோம். உள்ளே வர ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம்தான் வழி. அதற்குப் பக்கத்துக் கரையில் உங்கள் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி. பயிற்சியே வேண்டாம் என்று எழுதவில்லை. சுடத் தெரியாத கடற்படையால் யாருக்கு என்ன லாபம்?

2022 செப்டம்பரில் ஃபோர்ட் கொச்சிக் கடலில், மீன்பிடித்துத் திரும்பிய ஒருவரின் காதில் குண்டு பட்டது. அது உங்கள் குண்டல்ல என்றீர்கள். போலீஸ் துப்பாக்கிகளை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பியது. யார் சுட்டது என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். சுடும் நேரத்தில் அந்தத் திசையில் படகு வந்தால், அதை முதலில் பார்க்க வேண்டியவர் யார்? எங்கள் கேள்வி அதுதான்.

பயிற்சி நாட்களை முன்கூட்டியே அறிவிக்கிறீர்கள், பத்திரிகையிலும் வருகிறது. சரி. ஆனால் எங்கள் தூண்டில் படகு ஒருமுறை போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும், சில நேரம் மாதமே தாண்டும். போனவாரம் கொச்சியில் வந்த மலையாள அறிவிப்பு லட்சத்தீவுக்கு அப்பால் கிடக்கிற சிராங்குக்கு, அதாவது படகை ஓட்டும் தலைவருக்கு, எப்படித் தெரியும்? ஐஸ் கரையுதே என்று நேராக முகத்துவாரத்தைப் பார்த்துத்தான் ஓட்டி வருவார்.

ஆகவே காகிதத்தை நம்பாமல் ஆளைப் போடுங்கள். சுடும் நாளில் கடலில் ஒரு ரோந்துப் படகு நிற்கட்டும். கரையில் தொலைநோக்கியோடு, வேறு எந்த வேலையும் தராமல், பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கட்டும். படகு தெரிந்தால் மேலதிகாரியைக் கேட்காமலே ‘நிறுத்து’ என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் வேண்டும். வயர்லெஸ்ஸில், படகுகள் அழைப்புக்கும் ஆபத்துக்கும் கேட்கிற 16ஆம் சேனலில் மலையாளத்திலும் தமிழிலும் கூப்பிட ஒருவர் வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் அன்றைக்குச் சுடாதீர்கள். ரைஃபிள் குண்டே கிலோமீட்டர் கணக்கில் பாயும், 76 மி.மீ. பீரங்கி 15 கிலோமீட்டரையும் தாண்டும்.

ஆள் விஷயம் சின்ன விஷயமல்ல. 1989 ஏப்ரல் 19 அன்று, போர்ட்டோ ரிக்கோ அருகே பயிற்சியில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் அயோவாவில் பீரங்கி மேடை வெடித்து 47 பேர் இறந்தார்கள். அந்த மேடையில் இருந்த பலர் தங்கள் பொறுப்புக்கு முறையாகத் தகுதி பெறாதவர்கள் என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்கக் கடற்படையோ முதலில் செத்துப்போன மாலுமி ஒருவர் மேல் பழியைப் போட்டு, 1991இல் அவர் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. ஆள் குறைச்சலும் அரைகுறைப் பயிற்சியும் சுடுகிறவர்களையே முதலில் கொல்லும். உங்கள் பிள்ளைகளுக்காகவும்தான் கேட்கிறோம்.

2012இல் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் எங்கள் இரையுமன்துறை இளைஞரும் செத்தார். அது வேறு கதை, பயிற்சியுமல்ல. ஆனாலும் கடலில் வெடிச்சத்தம் கேட்டால் இங்கே வீடுகளில் முதலில் வருவது அந்த நினைப்புத்தான்.

அப்புறம் ஒன்று. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்களுக்குத் தடைக்காலம், எல்லோரும் ஊரில் இருப்போம். அதில் ஒரு நாள் தூத்தூருக்கு ஓர் அதிகாரியை அனுப்புங்கள். ஆபத்துப் பகுதியின் நான்கு மூலைகளையும் ஜிபிஎஸ் எண்களாகக் கொடுத்தால் போதும், சிராங்குகள் அங்கேயே கருவியில் ஏற்றிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தூத்தூர் கரை மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்