தைப்பூசத்துக்கு முன் ஹெட்லைட் சரிபார்ப்பு முகாம் நடத்தக் கோரி மனு

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: ஹெட்லைட் பல்பு, ஃபோக்கஸ் கோளாறுகளைச் சரிசெய்ய முகாம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். காய்கறி மார்க்கெட் ஊர் என்பதால் எங்கள் பக்கம் ராத்திரியிலும் வண்டி ஓயாது. தை மாதம் வந்தால் அதே சாலை ஓரத்தில் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடிய விடிய நடக்கிறார்கள். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிக்கு, ஓரத்தில் நடப்பவர் எங்களுக்குத் தெரிவதே இல்லை. அதற்காகத்தான் இந்த மனு.

பிரைட்டைக் குறைக்காமல் வருகிறவர்களை மட்டும் சொல்லவில்லை. டிம்மில் வரும் வண்டியும் கண்ணைக் கூச வைக்கிறது. காரணம் என் வண்டியிலேயே தெரிந்தது. கார்த்திகை மாதம் இடது பக்க பல்பு போய், வழியில் ஒரு கடையில் புதிது போட்டேன். ஐந்து நிமிட வேலை. அப்புறம் வீடு வரும்வரை எதிரே வந்த லாரிக்காரர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் வந்தேன். வீட்டு எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தால் வலது வெளிச்சம் இடுப்பளவில் நிற்கிறது, இடது வெளிச்சம் ஓட்டுக்கூரைக்குப் போகிறது.

பின்மூடியைக் கழற்றினேன். என் வண்டியில் இருப்பது எச்4 பல்பு, அதாவது டிம், பிரைட் இரண்டுக்குமான இழைகள் ஒரே பல்பில் இருக்கும் வகை. அதன் வளையத்தில் மூன்று காது இருக்கும். மூன்றும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகே கம்பி கிளிப்பை மாட்ட வேண்டும். ஒரு காது பள்ளத்துக்கு வெளியே நிற்க, கிளிப்பை அழுத்தி மாட்டியிருந்தார்கள். அந்தப் பல்பில் டிம் இழைக்கு அடியில் சின்னத் தகட்டுக் கிண்ணம் ஒன்று உண்டு. வெளிச்சம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். பல்பு கொஞ்சம் சாய்ந்தாலே அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

சரியாக மாட்டியதும் பாதி அடங்கியது. மீதிக்கு, வெளிச்சத்தை மேலே கீழே நகர்த்தும் ஃபோக்கஸ் திருகைத் திருப்ப வேண்டும். நான்கு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன், ஒன்றிலும் ஃபோக்கஸ் பார்க்கும் கருவி இல்லை. "சுவத்துல அடிச்சுப் பாத்துக்கலாம்ணே" என்றார்கள். சரி, சுவரில் பார்ப்பது தப்பில்லை. ஆனால் தரை சமமா, டயரில் காற்று சரியா, சுவர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இழை எரியும் ஹாலஜன் பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பு மாட்டுவது அடுத்த தொந்தரவு. இழை இருந்த அதே இடத்தில் ஒளி பிறக்காவிட்டால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், திருகைத் திருப்பினாலும் அடங்காது. 60/55 வாட்ஸ் (பிரைட் 60, டிம் 55) பல்பு இடத்தில் 100/90 போட்டு ஹோல்டர் உருகிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்காதபடி வெளிச்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. எங்கள் வாடகை வண்டிகளை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கான சோதனையின்போதாவது பார்க்கிறார்கள். சொந்த வண்டிகளுக்கு 15 வருடம் வரை அந்தச் சோதனையே கிடையாது. ஹெட்லைட் நடுவே கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் பழக்கம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் மேலே பார்க்கும் விளக்கை ஸ்டிக்கர் கீழே இறக்காது. ஓட்டுகிறவருக்குத் தேவையான வெளிச்சத்தையும் சேர்த்தே மறைக்கும்.

ஆகவே, தைப்பூசத்துக்கு முன் ஒட்டன்சத்திரத்திலும் பழநியிலும் இலவச ஹெட்லைட் முகாம் நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். அபராதம் இல்லாமல், வந்த இடத்திலேயே பல்பைச் சரியாக மாட்டி ஃபோக்கஸ் வைத்துக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள். கருவி உடனே கிடைக்காவிட்டால், சமதரையில் 10 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவரும் அளவுக்கோடுகளும் போதும். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தத் தூரத்தில் விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அரசு ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் மாணவர்களை இதில் சேர்த்தால் அவர்களும் கற்றுக்கொள்வார்கள். அதிக வாட்ஸ் பல்பு விற்கும் கடைகளையும் கண்காணிக்க வேண்டுகிறேன்.

முகாம் நடக்கும் நாள்களில் சவாரியை விட்டுவிட்டு வந்து பல்பு மாட்டிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடகைக் கார் ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம்.