தேவா பில், ஹவுசிங் ஃபீஸ், அந்த ஆடியோ: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கராமா, துபாய், செப்டம்பர் 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வெக்கேஷன் முடிந்து எல்லோரும் ஊரிலிருந்து திரும்பி, பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. வந்ததும் வராததுமாக ஒரு விளக்கக் கடிதத்தை நீட்டுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவா (துபாய் மின்சார, தண்ணீர் வாரியம்) பில்லை எங்களைப் போன்ற டைப்பிங் சென்டரில் (அரசுப் படிவம் நிரப்பி, பில் கட்டித் தரும் கடை) கட்டுவதைப் பற்றி, கடந்த இரண்டு வாரமாக நம் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. "வீடு ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கு. ஒரு லைட்டு எரியல. 330 திர்ஹம் தேவா பில்லாம். டைப்பிங் சென்டர்காரன் நடுவுல அடிக்கிறான்" என்கிறது ஒரு குரல். கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் "லுலு பக்கம், மாடிப்படிக்குக் கீழே" என்று அடையாளம் சொன்ன பிறகு பெயர் எதற்கு?

அந்த 330-இல் எங்களுக்கு வந்தது சர்வீஸ் சார்ஜ் மட்டுமே. மீதி எங்கே போனது என்பது பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. பில்லை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேவா பில் ஒரே காகிதமாக வந்தாலும் அதில் இரண்டு கடன் இருக்கிறது. மின்சாரமும் தண்ணீரும் தேவாவுக்குச் சேர வேண்டியவை. துபாய் முனிசிபாலிட்டி என்ற தலைப்பில் தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் வரும் ஹவுசிங் ஃபீஸும் சீவரேஜ் (கழிவுநீர்) ஃபீஸும் முனிசிபாலிட்டிக்கு. தேவா அதை வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வாடகைக்கு இருக்கும் நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஹவுசிங் ஃபீஸ் வருட வாடகையில் 5 சதவீதம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் பில்லில் போடுவார்கள். வருட வாடகை 72,000 என்றால் வருடத்துக்கு 3,600, மாதம் 300 திர்ஹம். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த 300 வரும். அது கரண்டுக்கான காசு இல்லை, அந்த வீடு உங்கள் பேரில் இருப்பதற்கான காசு.

ஆடியோவில் பேசிய அன்பரின் பில்லில் இருந்ததும் இதுதான். ஹவுசிங் 300. ஃபிரிட்ஜை அணைக்காமல் போயிருந்ததால் 60 யூனிட் ஓடியிருக்கிறது. யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ் (100 ஃபில்ஸ் ஒரு திர்ஹம்) வீதம் 13 திர்ஹம் 80 ஃபில்ஸ். அதன் மேல் எரிபொருள் சர்சார்ஜ், மீட்டர் கட்டணம், இவற்றுக்கு 5 சதவீதம் வாட். ஹவுசிங் ஃபீஸுக்கு வாட் கிடையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ரசீதில் பில் தொகை ஒரு வரியிலும் எங்கள் சார்ஜ் அடுத்த வரியிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் இந்தக் கடையில் என்றைக்கும் இருந்ததில்லை. ரசீதைத் தொலைத்துவிட்டீர்களா? தேவா ஆப்பில் உங்கள் அக்கவுண்டின் பேமென்ட் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். நாங்கள் கட்டிய தொகை ஃபில்ஸ் சுத்தமாக அதில் நிற்கும். இவ்வளவு சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய விஷயத்தில் யாராவது கைவைப்பார்களா என்பதை நீங்களே யோசியுங்கள்.

"போன வருஷம் 250 தானே வந்தது?" என்று கேட்பவர்கள் தங்கள் எஜாரியை (அரசிடம் பதிவான வாடகை ஒப்பந்தத்தை) எடுத்துப் பாருங்கள். ஹவுசிங் ஃபீஸ் கணக்காவது எஜாரியில் பதிவான வாடகையை வைத்து. ஓனர் வாடகையை 60,000-இலிருந்து 72,000 ஆக்கி, நீங்கள் எஜாரியைப் புதுப்பித்ததும், 250 என்பது 300 ஆகிவிடும். அதைக் கூட்டவோ குறைக்கவோ தேவா கவுண்டருக்கே அதிகாரம் இல்லை, டைப்பிங் சென்டருக்கு எங்கிருந்து வரும்? எஜாரியில் வாடகை தவறாகப் பதிவாகியிருந்தால் முதலில் எஜாரியைத் திருத்த வேண்டும், பிறகு ஹவுசிங் ஃபீஸைச் சரிசெய்யக் கேட்க வேண்டும். பில்லை மட்டும் காட்டிச் சண்டை போட்டால் ஒன்றும் நடக்காது.

சீவரேஜ் கட்டணமும் 2025 முதல் படிப்படியாக ஏறுகிறது. 2025-இல் ஒரு கேலன் தண்ணீருக்கு 1.5 ஃபில்ஸ், 2026-இல் 2 ஃபில்ஸ், 2027-இல் 2.8 ஃபில்ஸ் என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள். தண்ணீர் கூடினால் இதுவும் கூடும். இங்கே தண்ணீர்க் கணக்கு லிட்டரில் இல்லை, இம்பீரியல் கேலனில். ஒரு கேலன் ஏறக்குறைய நாலரை லிட்டர்.

இனி, பூட்டிக் கிடந்த வீட்டுக்கு உண்மையாகவே பெரிய பில் வந்தவர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பில்லை யூனிட், கேலன் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். யூனிட் ஏறியிருந்தால் பெரும்பாலும் ஏசி, அல்லது பாத்ரூம் வாட்டர் ஹீட்டர். பூஞ்சை பிடிக்கக்கூடாது என்று ஒன்றரை டன் ஏசியை 27-இல் வைத்துவிட்டுப் போகிறோம். ஆகஸ்ட் வெயிலில் நாளுக்குப் பத்து மணி நேரம் கம்ப்ரெசர் ஓடினாலே 15 யூனிட், மாதத்துக்கு 450 யூனிட், 100 திர்ஹத்துக்கு மேல். ஹீட்டரோ யாரும் குளிக்காவிட்டாலும் தண்ணீர் ஆற ஆற மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த ஸ்விட்சுக்கே வேலை இல்லை. மொட்டை மாடி டேங்கிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே கையைப் பொசுக்குகிறது. இங்கே நாள்பட்டவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு, ஏசி காற்றில் ஆறிக் கிடக்கும் ஹீட்டர் தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீராகப் பயன்படுத்துகிறார்கள்.

கேலன் ஏறியிருந்தால் ஃபிளஷ் டேங்கைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை கேசரி கலரை டேங்கில் போட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். கம்மோடில் நிறம் இறங்கியிருந்தால் அந்த ரப்பர் போயிற்று என்று அர்த்தம். நிறம் இறங்கவில்லை என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, நாத்தூரிடம் (பில்டிங் வாட்ச்மேன்) சொல்லி மீட்டர் அறையைத் திறந்து, உங்கள் ஃபிளாட் நம்பர் போட்ட தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அது ஓடினால் கசிவு சுவருக்குள் இருக்கிறது. அது மெயின்டெனன்ஸ்காரர்கள் பார்க்க வேண்டிய வேலை. இனி ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீரின் மெயின் வால்வை மூடிவிட்டு, தேவா ஆப்பில் 'அவே மோட்' போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத நாட்களின் கணக்கு உங்கள் மெயிலுக்கே வந்துவிடும்.

ஸ்லாப் (யூனிட் கூடக் கூட ஏறும் விலைப் படி) விஷயத்திலும் எங்கள் மேல் ஒரு வருத்தம். 2,000 யூனிட்டைத் தாண்டினால் மொத்தமும் 28 ஃபில்ஸ் ஆகிவிடும் என்று நாங்கள் சொன்னதாகச் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. முதல் 2,000 யூனிட் 23 ஃபில்ஸிலேயே நிற்கும். அதற்கு மேல் 4,000 வரை உள்ளதற்கு மட்டும் 28, பிறகு 6,000 வரை 32, அதையும் தாண்டினால் 38. ஆக 2,500 யூனிட் என்றால் 460-உம் 140-உம் சேர்ந்து 600 திர்ஹம், சர்சார்ஜும் வாட்டும் தனி. ஒரே மீட்டரில் நாலு குடும்பம் இருக்கும் வில்லாக்களில்தான் இது கடித்துவிடும். நாலு பேர் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போய்விடுகிறது. அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது உங்களுக்குள் பேச வேண்டியது, தயவுசெய்து எங்கள் கவுண்டரில் வேண்டாம்.

சில்லர் பில்லையும் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பில்டிங்கில் சென்ட்ரல் கூலிங் இருந்தால் அதற்கு வேறு கம்பெனி, வேறு அக்கவுண்ட், வேறு டெபாசிட். அதில் டிமாண்ட் சார்ஜ் என்று ஒன்று நிலையாக வரும், ஏசியை அணைத்து வைத்தாலும் வரும். வாடகை ஒப்பந்தத்தில் 'சில்லர் ஃப்ரீ' என்று இருந்தால் மட்டும் ஓனர் பொறுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து விஷயத்துக்கு வருகிறோம். மூன்று வருடமாக பில் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஜூலையில் விசா கேன்சல் செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார். உங்களில் பாதிப் பேரின் அக்கவுண்ட் நம்பர் அவருக்கு மனப்பாடம். "அந்த ரூஃப்டாப் ஃபிளாட் பில்" என்று சொன்னால் போதும், கட்டிவிடுவார். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இந்த மாற்றத்தின்போது இரண்டு பில் பழைய வீட்டு அக்கவுண்டுக்குப் போய்விட்டன, அவற்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டோம். இனி வாய்மொழியாகச் சொல்லிக் கட்ட முடியாது என்பதற்கும் அதுதான் காரணம்.

கதவுக்குப் பக்கத்தில் சிறிய தகட்டில் இருப்பது பிரெமிஸ் நம்பர், ஒன்பது இலக்கம். அது வீட்டின் நம்பர். யார் குடிவந்தாலும் மாறாது. பில் கட்டத் தேவைப்படுவது பத்து இலக்க அக்கவுண்ட் நம்பர், அது உங்கள் நம்பர். வீடு மாறினால் அதுவும் மாறும். பழைய பில்லைக் கொண்டுவந்து கட்டினால் பணம் பழைய அக்கவுண்டில் கிரெடிட்டாக நிற்கும், புது வீட்டு பில் பாக்கியாகவே இருக்கும், கடைசியில் லைன் கட் ஆகும். ஆகவே இந்த மாதத்து பில்லைக் காகிதமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொண்டுவாருங்கள். பெயரைத் திரையில் உங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் 'பே' அழுத்துவோம்.

புதிதாகக் குடியேறுபவர்களுக்கு: எஜாரி பதிவானதும் தேவாவிலிருந்து மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ வரும். ஃபிளாட்டுக்கு 2,000, வில்லாவுக்கு 4,000 திர்ஹம் டெபாசிட், அதோடு கனெக்‌ஷன் கட்டணம். ஃபிளாட்டுக்கு எல்லாம் சேர்த்து 2,100-ஐத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயத்தில் தேவா பெயரில் போலி லிங்க்கும் வரும். சந்தேகமாக இருந்தால் லிங்க்கைத் தொடாமல் நேராக ஆப்பில் போய்க் கட்டுங்கள். "பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி, காசைக் கையில் கொடு" என்று வருபவர்களிடம் போகாதீர்கள். திருட்டு கார்டில் கட்டிவிட்டு உங்களிடம் ரொக்கம் வாங்கிக்கொள்ளும் வேலை அது. கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் கட்டிய பணம் திரும்பிப் போகும், பில் மறுபடி உங்கள் தலையில் விழும். எங்களிடம் தள்ளுபடி இல்லை என்று குறைபட்டுக்கொண்டவர்களும் இதைக் கவனிக்கவும்.

வீட்டைக் காலி செய்பவர்கள் வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் தேவா ஆப்பில் மூவ்-அவுட் தேதி போடுங்கள். ஃபைனல் பில் வரும், பாக்கி இருந்தால் டெபாசிட்டிலிருந்து கழித்துக்கொண்டு மீதியை உங்கள் ஐபானுக்கு (பேங்க் அக்கவுண்ட் நம்பருக்கு) அனுப்புவார்கள். அந்த ஃபைனல் பில்லை ஓனரிடம் காட்டினால்தான் வீட்டு டெபாசிட் கிடைக்கும், எஜாரியையும் கேன்சல் செய்ய வேண்டும். பேங்க் அக்கவுண்டை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஊருக்கே போகிறவர்கள் அவசரத்தில் பேங்கை முதலில் மூடிவிடுகிறார்கள். பிறகு ரீஃபண்ட் போய்ச் சேர இடமில்லாமல் திரும்பி வருகிறது, ஊரிலிருந்து எங்களுக்கு போன் வருகிறது. துபாய்க்குள்ளேயே வீடு மாறினால் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டாம், டெபாசிட்டைப் புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனை வருடமாக ஒவ்வொரு மாதமும் படியிறங்கி வந்து, டீ குடித்து, பில் கட்டிப் போகும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பாய்மாருக்கும் எங்கள் நன்றி. அந்த ஆடியோ வந்த அன்றே "இது என்ன விஷயம்?" என்று எங்களிடம் நேரில் வந்து கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குத் தனி நன்றி. பேசிய அன்பரும் வரலாம். பில்லைக் கொண்டுவரட்டும், உட்கார்ந்து வரிவரியாகப் பார்ப்போம். கோபம் ஒன்றும் இல்லை.

ஆப்பில் நீங்களே கட்டப் பழக வேண்டும் என்றால் எமிரேட்ஸ் ஐடியும் யுஏஇ பாஸ் (அரசின் லாகின் ஆப்) போட்ட போனும் கொண்டுவாருங்கள். பத்து நிமிடத்தில் காட்டித் தருகிறோம், அதற்குக் காசு இல்லை. கடை சனி முதல் வியாழன் வரை காலை 9 முதல் 1, மாலை 4.30 முதல் 10. வெள்ளிக்கிழமை இனி விடுமுறை. சர்வீஸ் சார்ஜ் அக்டோபர் 1 முதல் பில் ஒன்றுக்கு 10-க்குப் பதில் 15 திர்ஹம்.

அன்புடன்,
உங்கள் டைப்பிங் சென்டர்